இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு

இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து. அவசரப்படாதே வசந்தாமணி, உனக்கு ஒண்ணும் பஸ்ஸு போயிராது. ஞாயித்துக்கெழமை, மணி ஒம்போதே முக்கால், கார் செட்டுக்குள்ள பாதி வரைக்கும் வெயில் வந்தாச்சு, முன்பக்கத்து இடது சக்கரம் கழண்டு வண்டிக்கடியில கெடக்குது, வண்டி இரும்பு ஸ்டாண்டு மேல மூஞ்சியத் தூக்கிட்டு நிக்குது, நான் நைட்டிக்கு மேல எங்கூட்டுக்காரரோட பழைய சட்டையப் போட்டுக்கிட்டு சாக்கு மேல உக்காந்து, சக்கரத்துக்கு மேல இருந்து உருவி எடுத்த ஷாக் அப்சார்பரையும் அதைச் சுத்தியிருக்கற ஸ்ப்ரிங்கையும் முன்னால படுக்கப் போட்டு ஸ்பேனர் திருப்பிக்கிட்டிருக்கறேன். அம்பத்தி மூணு வயசுல. இதுக்கு முன்னால இந்த வண்டியில நான் பண்ணுன பெரிய வேலை வைப்பர் ரப்பர் மாத்துனது. இப்ப ஸ்ப்ரிங்கோட ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டி, நீட்டுப் போல்ட்டைத் திருகித் திருகி ஸ்ப்ரிங்கை ஒடுக்கோணும். ஒடுக்குனாத்தான் உச்சியில இருக்கற நட்டைக் கழட்டலாம், ஒடுக்காம நட்டுல கை வெச்சா ஸ்ப்ரிங்கு எகிறி தாடையப் பேத்துரும்னு பாத்த வீடியோ எல்லாத்துலயும் சொல்றாங்க, ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றான், கெரகம் புடிச்சவன். நாளைக்குப் பத்தரை மணிக்கு அவரை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் நிறுத்தோணும், நடை பழக. முதுகுத்தண்டுல ஆபரேசன் ஆகி நாலு மாசம், அதுல பதினோரு வாரமா இந்த மனுசன் வாசப்படி தாண்டல. வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த பிசியோ பொண்ணு போன வாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா, அங்க வந்து கம்பியப் புடிச்சு நடந்தாத்தான் உண்டு, இன்னும் ஒரு மாசம் இப்படியே படுத்திருந்தார்னா காலு சூம்பிரும், அப்பறம் நடையவே மறந்துற வேண்டியதுதான்னு சொல்லிட்டுப் போயிருச்சு. ஆட்டோன்னா வேண்டாம், டாக்சின்னா வேண்டாம், கண்டவன் ஓட்டற வண்டியில ஏற மாட்டாராம். நம்ம வண்டிக்கு ஸ்ப்ரிங்கு மாத்துனா வரேன்னு சொல்லியிருக்கறாரு. சொல்லியிருக்கறாருன்னா, நான் சொல்ல வெச்சேன். இந்தப் பக்கம் ரெண்டு. அந்தப் பக்கம், ஒண்ணா ரெண்டா, ஒண்ணுதான் போட்டேன், இன்னொண்ணு.

எண்ணறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. பம்புசெட்டுக் கம்பெனியில இருபத்தி ரெண்டு வருசம் மோட்டார் வைண்டிங்கு. செப்புக் கம்பியச் சுத்தறப்ப ஒரு சுத்து கொறஞ்சாலும் மோட்டார் சூடாயிரும், எச்சானா உள்ள அடங்காது, பக்கத்து டேபிள்காரி அவ மாமியாளைப் பத்தி என்ன கதை சொன்னாலும் உம் கொட்டிக்கிட்டே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கோணும். அப்பெல்லாம் நூத்தி எழுவது வரைக்கும் தப்பாது. இப்ப ரெண்டு எண்ணறதுக்குள்ள தப்புது. ஸ்ப்ரிங்கு கிர்ருங்குது, ஒடுங்கறப்ப அப்படித்தான் சத்தம் வருமாம். நேரா நிக்காதீங்க, எப்பவும் ஓரமா நில்லுங்கன்னு கம்பெனியில பிரஸ் மிசினுக்குச் சொல்லித் தருவாங்க, அதனால ஸ்ப்ரிங்கோட ஒரு மொனைய கேட்டுப் பக்கமும் இன்னொரு மொனைய செவுத்துப் பக்கமும் பாக்க வெச்சு நான் நடுவுல பக்கவாட்டுல உக்காந்திருக்கறேன். எகிறுனா கேட்டு வாங்கிக்கட்டும். வசந்தா, ஆச்சான்னு ஜன்னலுக்குள்ள இருந்து கொரல் வருது. என்னத்த ஆச்சான்னு கேக்கறீங்க, இது என்ன உப்புமாவா, கம்முனு படுங்கங்கறேன். அப்பறம், கையப் பாத்துக்கோ புள்ளங்கறாரு. முப்பது வருசம் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரு, நாச்சிமுத்து சார்னா நாங்க இருக்கற கணபதி சுத்துவட்டாரத்துல தெரியாதவங்க இல்ல, அடிமட்டம் இல்லாமக் கோடு போடுவாரு, இப்ப கட்டல்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஃபேனை மட்டும் பாத்துக்கிட்டிருக்கறாரு. நான் என்ன சத்தம் போட்டாலும் அது என்ன சத்தம், இது என்ன சத்தம்னு ஒரு கேள்வி. காலையில ஜாக்கி வெக்கறப்பக் கேட்டாரு, இதைத் தங்கராசுகிட்ட விட்டா அவன் பண்ண மாட்டானா, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு. அவன் மூணு நாள் ஆக்குவான்னேன்.

பொய்யி. தங்கராசு அரை நாள்ல முடிச்சிருவான், இருவது வருசமா மெக்கானிக்கு. பிரச்சனை அவன் கையில்ல, வாயி. அவங்கிட்டத்தான் மொதல்ல ஓட்டிட்டுப் போனேன். பானெட்டு மேல ரெண்டு கையையும் ஊனி அமுக்கி விட்டான், வண்டி ஒருக்கா மேல வந்து கம்முனு நின்னுக்கிச்சு. குனிஞ்சு டார்ச் அடிச்சான். அக்கா, எல்லாம் கிண்ணுனு இருக்குது, இன்னும் ரெண்டு வருசத்துக்குத் தொடவே வேண்டாம், எவன் சொன்னான் மாத்தச் சொல்லின்னு கேட்டான். யாரும் சொல்லலீங்க தம்பின்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா இவரு, தங்கராசு என்ன சொன்னான்னு கேக்கறாரு. ஸ்ப்ரிங்கு போச்சாமுங்க, ஷாக்குல இருந்த ஆயிலு பூராம் ஒழுகி வெறும் கொழாயாட்டம் இருக்குதாமுங்க, அதுதான் அன்னைக்கு அப்படித் தூக்கிப் போட்டுதாமுங்க. எப்படி வந்துச்சு அந்த வார்த்தை. யோசிச்சு வெச்சுக்கிட்டெல்லாம் சொல்லல, வாயில தானா வந்துச்சு, அதுவும் கோர்வையா, ஆயிலு, கொழாயி எல்லாம் போட்டு. அவரு மூஞ்சி தெளியல. அப்ப இந்த வண்டிய நம்பவே கூடாதுன்னாரு. புதுசு வாங்கி மாத்திட்டா வருவீங்களான்னேன். மாத்துனா பாக்கலாம்னாரு. சரி, எந்த மெக்கானிக்கு வந்தாலும் கழட்டுன ஒடனே இது நல்லாத்தான இருக்குதுன்னு ஜன்னலைப் பாத்துச் சத்தமாச் சொல்லுவான், அப்பறம் நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கறது. அதனால நானே. இந்தப் பக்கம் ரெண்டு. ரேசன் கடை முக்குல ரோட்டுல கோடு அழிஞ்சு போச்சு, ஸ்பீடு பிரேக்கர் இருக்கறதே தெரியலன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். கோடு அழிஞ்சது நெசந்தான். ஆனா இருபத்தி ரெண்டு வருசமா அதே ரோட்டுல வேலைக்குப் போயிட்டு வந்தவளுக்குக் கோடு எதுக்கு. அந்த மேடு என்ற உள்ளங்காலுக்கே தெரியும். பதினோரு வாரத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில செக்கப்பு முடிச்சுத் திரும்பி வர்றோம், அவரு பின் சீட்டுல தலகாணி வெச்சுப் படுத்திருக்கறாரு, கெளம்புனதுல இருந்து மெதுவா வசந்தா, பள்ளம் வசந்தா, மெதுவா, லாரி வருது, மெதுவா. படுத்திருக்கற மனுசனுக்கு லாரி எங்கிருந்து தெரிஞ்சுதோ. நான் வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு அவருக்கு மேலுக்குத் தண்ணி காய வெச்சு, தொடச்சு, துணி மாத்தி, ஊட்டி, ரெண்டு பேரைப் புடிச்சு வண்டியில ஏத்தி, நான் ஒரு வாய் காப்பி குடிக்கல. மேடு வருது, தெரியுது. மெதுவான்னாரு. பிரேக்குக்குப் போகோணும் காலு. போகல. அவரு சொன்னது காதுல விழாம இல்ல, விழுந்துச்சு, விழுந்ததுனாலதான் போகல. ஒரே ஒரு நொடி. இப்ப எந்த ஸ்பேனர் போட்டுத் திருப்புனாலும் அந்த நொடி கழலுதா.

நட்டு வந்துருச்சு. ஒடுங்குன ஸ்ப்ரிங்கு தனியா, அதை மேல மூடியிருந்த தட்டு தனியா, ஷாக்கு தனியா. தட்டு பழசையே திரும்பப் போடோணும், அதுக்காகத்தான் பழசைப் பிரிக்கவே வேண்டியிருந்துச்சு. பழைய ஸ்ப்ரிங்கை மெல்ல மெல்லத் தளர்த்தி செவுத்தோரம் வெச்சேன். அது விடறப்பவும் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, இறுக்கறதைவிடத் தளர்த்தறதுக்குத்தான் பொறுமை வேணும்போல இருக்குது. ஷாக்கை எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பிப் பாக்கறேன். தூசு, சேறு, ஒரு ஓரத்துல துரு. ஆயிலு ஒரு சொட்டு இல்ல. விரலை வெச்சுத் தடவுனா விரல்ல செம்மண்ணுதான் வருது. தரையில நட்டமா நிறுத்தி, உச்சிக் கம்பி மேல உள்ளங்கைய வெச்சு ஒடம்புப் பாரம் பூராம் போட்டு அமுக்குனேன். எறங்குச்சு, மெல்ல, பிடிச்சுப் பிடிச்சு. கையெடுத்தேன். அது பாட்டுக்கு மேல ஏறி வருது, ஒரு அவசரமும் இல்லாம, முழுசா ஏறி நிக்குது. நான் என்ன எதிர்பாத்தேன்னே தெரியல. தங்கராசு சொல்லிட்டான், எனக்கே தெரியும், அப்படியிருந்தும் மனசுக்குள்ள ஒரு மூலையில, கழட்டிப் பாத்தா ஒருவேளை உள்ள கெட்டுப் போயிருக்கும், ஒருவேளை நான் சொன்ன பொய்யி நெசமாயிருக்கும்னு ஒரு ஆசை. சாமி, கொஞ்சம் ஒழுகியிருக்கக் கூடாதா. ஒரு சொட்டு. அப்படி இருந்திருந்தா நான் அழுதிருப்பேன் சந்தோசத்துல. இப்ப அழுகையும் வரல, சாக்கு மேல உக்காந்து நல்லா இருக்கற ஒரு சாமானை மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்கறேன். ரேசன் கடைக் கூட்டம் பூராம் திரும்பிப் பாத்துச்சே அன்னைக்கு, வண்டி தூக்கிப் போட்டப்ப. அம்மான்னு அவரு போட்ட சத்தம். நிறுத்தி, கதவைத் தொறந்தா, வேட்டி நனைஞ்சு போச்சு அந்த மனுசனுக்கு. அவருகிட்டப் படிச்சவன் ஒருத்தன், இப்ப மீசை நரைச்சவன், சார் சார்னு ஓடி வந்து எட்டிப் பாத்துட்டு, பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அந்தத் திருப்பலை அவரு பாத்தாரு. வலி மூணு நாள்ல போயிருச்சு, டாக்டரும் உள்ள ஒண்ணும் ஆகலன்னுட்டாரு. போகாதது அதுதான். வலியால படுத்திருக்கறவரில்ல அவரு. பயத்துல படுத்திருக்கறாரு, பயத்தைக் குடுத்தவ வெளிய உக்காந்து ஸ்பேனர் புடிச்சுக்கிட்டிருக்கறேன். பழசு ரெண்டையும் அவரு கண்ணுல படறதுக்குள்ள பழைய இரும்புக்காரனுக்குத் தாட்டி விட்டரோணும்.

சரி, புதுசை எடு. பொட்டியப் பிரிச்சா கருப்பு பெயிண்டு பளபளன்னு, கம்பி கண்ணாடியாட்டம், மூஞ்சி தெரியுது, என்ற மூஞ்சியே கிரீசும் வேர்வையுமா. புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வெக்காம எங்க வீட்டுல எடுத்துப் பொழங்குனதில்ல, மிக்சிக்கு வெச்சோம், வாசிங் மிசினுக்கு வெச்சோம், இதுக்கு வெக்காம இருப்பனா. காலையிலயே கிண்ணத்துல சந்தனம் கொழச்சு வெச்சிருந்தேன். இருக்கறதுலயே அழகான எடம் அந்தக் கம்பிதான்னு அதுல திருநீறு பூசி, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சுக் கையெடுத்துக் கும்பிட்டும் ஆச்சு, அதுக்கப்பறந்தான் பொட்டியில இருந்த காகிதத்தைப் படிக்கறேன், கம்பியில தூசு மண்ணு படக்கூடாது, பட்டா உள்ள இருக்கற சீலு அறுந்து ஆயிலு ஒழுகும்னு படம் போட்டு வெச்சிருக்கறான். அட கெரகமே. பழசு ஒழுகுதுன்னு பொய்யி சொன்னவளுக்குப் புதுசு ஒழுகோணுமாக்கும். எழுந்து ஓடி, வெள்ளத்துணி கொண்டாந்து, தொடச்சுத் தொடச்சு, ஊதி, மறுபடி தொடச்சு, வெயில்ல காட்டிப் பாத்து, ஒரு துளி குங்குமம் இல்ல இப்ப. ஆனா பொட்டு வெக்காமயும் போட மனசு வரல. நாளைக்கு அவரு ஏறப்போற வண்டி. ஸ்ப்ரிங்குக்கு வெச்சா ஒண்ணும் ஆகாது, அது வெறும் இரும்புதானன்னு, மேல இருந்து ரெண்டாவது வளையத்துல தாராளமா வழிச்சு அப்புனேன். அப்பறம் கொக்கிய மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நாளைக்கு ரேசன் கடை முக்கு வேண்டாம், சுத்திக்கிட்டு மேம்பாலத்து வழியாப் போயிறலாம். இந்தப் பக்கம் ரெண்டு. அந்த வழியில ரயில்வே கேட்டு, தண்டவாளம் தூக்கிப் போடும். அந்தப் பக்கம் ரெண்டு. போயிட்டு வந்துட்டா, பாத்தீங்களா புது ஸ்ப்ரிங்குன்னு நான் சொல்லுவேன். ஆமா, தூக்கிப் போடலன்னு அவரு சொல்லுவாரு. அப்படியே அது நெசமா நின்னுரும், இன்னும் இருவது வருசத்துக்கு வீட்டுக்கு ஒரு ஒரம்பரை, சொந்தபந்தம் வந்தாலும் சொல்லுவாரு, வண்டியில ஷாக்கு போயி எனக்கு ஆன கூத்து தெரியுமான்னு, நான் காப்பிய நீட்டிக்கிட்டே ஆமாங்க ஆமாங்கன்னு நிக்கோணும். இந்தப் பக்கம் மூணு. மூணா. எதுக்கு மூணு போட்டேன். அந்தப் பக்கத்துக் கொக்கி, சந்தனம் ஈரமா இருக்குது, அந்த வளையத்துல, மெல்ல, நகருது, நகருதே.

டமார்னு ஒரு சத்தம். கேட்டு அதிர்ந்து அதிர்ந்து நின்னுச்சு. கேட்டோரம் நெறைச்சு வெச்சிருந்த பிளாஸ்டிக் வாளி ரெண்டாப் பொளந்து தண்ணி ஓடுது. ஸ்ப்ரிங்கு கேட்டுல மோதித் திரும்பி வந்து வண்டிக்கடியில உருண்டுக்கிட்டிருக்குது, கொக்கி ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியல. நான் இருக்கறேன். கை இருக்குது, பத்து விரலு, எண்ணிப் பாத்தேன், இது தப்பல. தாடையத் தொட்டுப் பாத்தேன். ஓரமா உக்காந்ததுனால பொழச்சேன், சந்தனம் வெச்ச எடத்துலயே கொக்கிய மாட்டுன கூறுகெட்டவ எந்த ஊருல இருப்பா. காதுக்குள்ள ஙொய்யினு ஒரே சத்தம், அதுக்கு நடுவுல உள்ள இருந்து வசந்தா, வசந்தான்னு கேக்குது, நான் வாயத் தொறந்தேன், கொரல் வரல. மறுபடி வசந்தா. அப்பறம் கூப்பிடல. டக்குன்னு ஒரு சத்தம், அப்பறம் சர்ருன்னு ஒண்ணு, டக்கு, சர்ரு. அவரு ஊனி நடக்கற வாக்கர். கட்டல்ல இருந்து எறங்கவே நான் வேணும் அவருக்கு. நான் எந்திரிக்கப் பாக்கறேன், காலு ரெண்டும் மரத்துப் போச்சு. கதவு நெலையில ஒரு கை, வாக்கர்ல ஒரு கை, வாசப்படியில நிக்கறாரு, பனியன் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து. வாக்கரை மொதல்ல கீழ எறக்குனாரு. அப்பறம் ஒரு காலு. அப்பறம் இன்னொண்ணு. பதினோரு வாரம். வந்தாரு, என்னைத் தலையில இருந்து காலு வரைக்கும் பாத்தாரு. அடி பட்டுச்சான்னாரு. இல்லீங்க. நெசமா? நெசமாங்க. பிளாஸ்டிக் சேரை நான் இழுத்துப் போட்டேன், வாக்கரை முன்னால வெச்சுக்கிட்டு மெல்ல உக்காந்தாரு. மூச்சு வாங்குது. தண்ணி வேணுமான்னேன். வேண்டாம்னாரு. அவரு கண்ணு அப்படியே சுத்திக்கிட்டு வந்து சாக்கோரத்துல நின்னுச்சு.

இதுதான் பழசான்னாரு. ஆமாங்க. ஆயிலு ஒழுகுனது இதுதானன்னு மறுபடி கேட்டாரு. அமுத்திக் காட்டு, எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்னாரு. கையெல்லாம் கிரீசுங்க, அப்பறம் காட்டறேங்க, நீங்க உள்ள வந்து படுங்கன்னு சொல்ல வாயி வருது. சொன்னா உள்ள போயிருவாரு, என்ற பேச்சைக் கேக்கற மனுசன்தான். சாயங்காலம் இரும்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிருவான், அதோட முடிஞ்சுது. ஆனா இந்த மனுசன் இப்ப எனக்காக வாசப்படி எறங்கி வந்து உக்காந்திருக்கறாரு, பனியன் நனைஞ்சு நெஞ்சுல ஒட்டியிருக்குது. ஷாக்கை எடுத்துத் தரையில நட்டமா நிறுத்துனேன். உள்ளங்கைய வெச்சு அமுக்குனேன். எறங்குச்சு. கைய எடுத்துட்டேன். ரெண்டு பேரும் பாக்கறோம், அது பாட்டுக்கு ஏறி வருது, எவ்வளவு நேரந்தான் ஏறுவியோ ஏறுன்னு இருக்குது எனக்கு.

"ஏறுதே," ன்னாரு.

"ஏறுதுங்க."

"போயிருச்சுன்னு சொன்ன?"

"போகலைங்க. தங்கராசு நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னான். வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு மேடு வர்றது எனக்குத் தெரிஞ்சுது. நாந்தான் பிரேக்கு போடல."

அவரு என்னைப் பாக்கல, அந்தக் கம்பியவே பாத்துக்கிட்டிருக்கறாரு. வேணும்னேவான்னு கேட்டாரு, கொரலு அவ்வளவு சின்னதா. உங்களுக்கு வலிக்கோணும்னு இல்லீங்க, சத்தியமா இல்லீங்க, மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க, அந்த ஒரு தடவை உங்க பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு இருந்துச்சுங்க, அவ்வளவுதானுங்க, ஒரு நொடிங்க. சொல்லி முடிச்சதும் அழுகை வந்துருச்சு, கிரீசுக் கையோட மூஞ்சியத் தொடச்சுக்கறேன், கண்ணு எரியுது. இனி உள்ள போயி செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு, நாளைக்குன்னு இல்ல, என்னைக்கும் வர மாட்டாரு, நானே கெடுத்துக்கிட்டேன். கேட்டுக்கு வெளிய ஒரு ஸ்கூட்டர் போச்சு. அது தெருமுக்கு திரும்பற வரைக்கும் சத்தம் கேட்டுது.

"நீயா," ன்னாரு. மறுபடியும், "நீதானா. பதினோரு வாரமா அந்த வண்டியக் கனாவுல கண்டு கண்டு முழிச்சுக்கறேன் நான். எந்தப் பள்ளத்துல எது உட்டுப் போகுமோ, எவனை நம்பி ஏறறதுன்னு. இரும்புகிட்டப் போயி நான் என்னன்னு கேக்க முடியும் சொல்லு. நீன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு அடுத்த நாளே ஏறியிருப்பனே, லூசு."

"திட்டுங்க," ன்னேன். "இப்பத் திட்டுங்க."

வாக்கர் மேல ரெண்டு கையையும் ஊனி எந்திரிச்சாரு. நான் புடிக்கப் போனேன், வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு.

"இப்ப எதுக்கு, தங்கராசைக் கூப்பிட்டு வண்டிய மாட்டச் சொல்லு, நாளைக்கு அதுல திட்டிக்கறேன். பின்னால படுத்துக்கிட்டுத் திட்டுனா எடுபடாது. முன் சீட்டைச் சாய்ச்சு வெச்சுடு."